கூண்டில் தொங்குவது யாருக்காக?

மாலை வேளையில் நம் புறநகர்த் தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். கிழக்குத் தாம்பரமானாலும், சேலையூரானாலும், குரோம்பேட்டையானாலும், சில வீடுகளைக் கடப்பதற்குள் எங்கோ ஒரு வராந்தாவில் கூண்டு தெரியும். கீச்சுக் குரல் கேட்கும். 2021-இல் மாநகராட்சியாகிவிட்ட நம் தாம்பரத்தில் தோட்டமும் கிணறும் இருந்த வீடுகள் பல, அடுக்குமாடிகளாக மாறிவிட்டன. நாய் ஓடுவதற்கு இடமில்லை. பசு வளர்ப்பதென்ற பேச்சே இல்லை. ஆகையால் ஓர் உயிரோடு பழக வேண்டும் என்னும் ஆசை கூண்டுப் பறவையில் வந்து நிற்கிறது. அந்த ஆசை நல்ல ஆசைதான். அதைக் குறை கூற நாங்கள் வரவில்லை.

ஆனால் அக்கூண்டுக்குள் பறவையோடு சேர்ந்து தொங்கும் பொருள்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். மணி, ஊஞ்சல், கண்ணாடி, வண்ணப் பந்து, பிளாஸ்டிக் ஏணி, கயிறு என்று எத்தனையோ தொங்குகின்றன. அவற்றை வாங்கி மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பிள்ளைகளே. எதைப் பார்த்து வாங்குகிறோம்? நிறத்தைப் பார்த்து, மினுமினுப்பைப் பார்த்து, ஓசையைக் கேட்டு வாங்குகிறோம். அதாவது நம் கண்ணுக்கும் நம் காதுக்கும் பிடித்ததை வாங்குகிறோம். பறவையின் அலகுக்கும் காலுக்கும் அது ஏற்றதா என்று கேட்பதில்லை. அப்படிக் கேளாததால் எங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதை மறைத்துவிட்டுப் பிறருக்குப் புத்தி சொல்வது நேர்மையாகாது.

நாங்கள் நால்வரும் ஒரே வகுப்பு. பக்கத்துப் பக்கத்துத் தெரு. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் இரண்டு 'லவ் பேர்ட்ஸ்' இருந்தன. மஞ்சள் நிறத்தவள் பொன்னி. நீல நிறத்தவன் நீலன். பள்ளி விட்டதும் நேரே அந்த வீட்டு வராந்தாவுக்குத்தான் போவோம். சென்ற ஆண்டு விழாவில் எங்கள் வகுப்பு கும்மி ஆடியது. அதற்காக வாங்கிய சலங்கையில் சில மணிகள் மிஞ்சின. "நாம் மட்டும் ஆடினால் போதுமா? பொன்னியும் ஆடட்டும்" என்று, மூன்று மணிகளை நூலில் கோத்து ஊஞ்சலின் அடியில் கட்டினோம். பொன்னி அலகால் ஒரு தட்டுத் தட்டுவாள். மணி 'சல்' என்னும். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தட்டுவாள். இரண்டு நாள் எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை நாங்கள் போனபோது பொன்னி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். சலங்கை மணியின் வாயில் ஒரு பிளவு இருக்குமல்லவா? அதனுள் அவளுடைய கால் விரல் ஒன்று நுழைந்து சிக்கிவிட்டது. அந்தப் பிளவில் இழுக்க இழுக்க விரல் மேலும் குறுகலான இடத்துக்கே போகும். எவ்வளவு நேரம் சிறகடித்தாளோ! கீழே விரித்திருந்த செய்தித்தாள் முழுவதும் மஞ்சள் இறகுகள். நூலை அறுத்து, மணியோடு சேர்த்துத் துணியில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் குறட்டால் மணியை வெட்டி எடுத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "ஏம்மா, இது உங்க கால்ல கட்டிக்கிற பொருள். இதோட கால் எத்தனை பெரிசுன்னு பார்த்தீங்களா?" என்றார். எங்களிடம் விடை இல்லை. விரல் பிழைக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் பொன்னியும் பிழைக்கவில்லை.

அவளுக்குத் தீங்கு நினைத்தவர் யாருமில்லை. ஆசையோடுதான் கட்டினோம். அந்த ஆசையோடு கொஞ்சம் அறிவையும் சேர்க்காததே எங்கள் பிழை.

அன்றிரவே கூண்டிலிருந்த எல்லாவற்றையும் கழற்றி எறிந்தோம். ஊஞ்சல்கூட மிஞ்சவில்லை. உட்கார ஒரு குச்சி, தினைக்கு ஒரு கிண்ணம், தண்ணீருக்கு ஒரு கிண்ணம், அவ்வளவுதான். வீட்டிலிருந்த பாட்டிக்கு அதுவே சரியென்று பட்டது. பாட்டிக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். "ஏட்டி, பறவைக்கு எதுக்கு பொம்மை? தெனை போடுதிய, தண்ணி வைக்கிய. இன்னும் என்னத்த கேக்கு அது?" என்றார். பல வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் கேள்விதான் இது. நியாயமான கேள்வியும்கூட. இதற்கு விடை தெரிந்துகொண்டால்தான், எந்தப் பொருள் நல்லது, எது தீயது என்பதும் விளங்கும்.

நம் ஊரில் எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைப்பது உண்மையில் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளி. ஜான் கூல்டு என்ற பறவையியல் அறிஞர் 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அது கூண்டுகளிலேயே பெருகி நாடு நாடாகச் சென்று, நம் பல்லாவரம் சந்தைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எடை 30 அல்லது 40 கிராம்தான். பிறந்த மண்ணில் அது கூட்டங்கூட்டமாக அலையும். புல் விதைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கும், தண்ணீரை நாடி நெடுந்தூரம் பறக்கும், மரப்பட்டையைக் கொறிக்கும், முட்டையிடப் பொந்து தேடும். விழித்திருக்கும் பொழுதில் பெரும்பங்கு இப்படித் தேடுவதிலேயே கழியும். நம் வீட்டிலோ கிண்ணம் நிறையத் தினை காத்திருக்கிறது. சில நிமிடங்களில் வயிறு நிரம்பிவிடும். மீதிப் பகலை அது என்ன செய்யும்? ஒரே பெஞ்சில் இரண்டு பாடவேளை அசையாமல் உட்காரவே நமக்குக் கால் மரத்துப் போகிறதே!

பொழுது போகாத கிளி ஓயாமல் கத்தும், கம்பியைக் கடிக்கும், கடைசியில் தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் இளம் அமேசான் கிளிகளைக் கொண்டு இதை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். உணவைத் தேடி எடுக்கும்படியான அமைப்பும், ஏறி இறங்கவும் கொறிக்கவும் பொருள்களும் கிடைத்த கிளிகளிடம் இறகு பிடுங்கும் பழக்கம் தடுக்கப்பட்டது; முன்பே பிடுங்கத் தொடங்கியிருந்த கிளிகளிடமும் அது குறைந்தது. ஆகவே பாட்டிக்கு எங்கள் விடை இதுதான்: பறவைக்கு நாம் தர வேண்டியது அலங்காரமன்று, வேலை. விளையாட்டுப் பொருள் என்பது அதற்கு ஒரு வேலை.

நீலனிடம் இதைக் கண்ணாரக் கண்டோம். வெறுங்கூண்டில் இறகுகளை உப்பிக்கொண்டு ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தான். "ஒரு கண்ணாடியை மாட்டுங்கள், துணை இருப்பதாக நினைத்துக்கொள்ளும்" என்றார் ஒருவர். மாட்டினோம். நீலன் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. தின்ற தினையை வெளியே கொண்டுவந்து, கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்துக்கே ஊட்டிக்கொண்டிருந்தான்! இரண்டாம் முறையாக மருத்துவரிடம் போனோம். "ஆபத்தானதை எடுக்கச் சொன்னேன், எல்லாத்தையும் எடுக்கச் சொல்லலையே! கண்ணாடியில இருக்கிறவன் இதுக்கு எப்பம்மா பதில் சொல்லப் போறான்?" என்று கேட்டார். தனித்திருக்கும் பறவைக்குக் கண்ணாடி துணையாகாது. அது ஒரு ஏமாற்று. உடைந்தால் சில்லும் ஆபத்து. உண்மையான துணை இன்னொரு பறவை. அல்லது நாம் தினமும் அதனோடு செலவிடும் நேரம். சில வாரங்கள் கழித்து நீலனுக்கு ஒரு பச்சைத் தோழி வந்தாள்.

இனி, எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்பதற்கு வருவோம். குழந்தைகளின் பொம்மைகளுக்கு நம் நாட்டில் ஒரு காவல் உண்டு. 2020-இல் பிறந்த ஓர் அரசாணையின்படி, 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அந்த ஆணை குழந்தைகளின் பொம்மைகளுக்கானது; பறவையின் பொம்மையை அது தொடுவதில்லை. குழந்தைக்கு நல்லதென்று முத்திரை பெற்ற பொம்மையும் பறவைக்கு நல்லதாகிவிடாது. குழந்தை சப்பும்; கிளியோ இடுக்கியைப் போன்ற அலகால் பிளக்கும், உரிக்கும், துண்டு துண்டாக்கும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் முத்திரை குத்த வேண்டியது நம் கண்ணும் கையும்தான்.

முதலில் ஓட்டைகளையும் வளையங்களையும் பாருங்கள். ஓட்டை ஒன்று, விரல்கூட நுழையாதபடி சிறிதாக இருக்க வேண்டும்; அல்லது உடல் முழுவதும் தாராளமாக நுழைந்து வெளிவரும்படி பெரிதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் பொறி. அதில் தலை போகும், தோள் போகாது. நாம் பழைய வளையல்களை ஊஞ்சலாகத் தொங்கவிடுகிறோமே, அதற்கும் இந்தக் கணக்குதான். கண்ணாடி வளையலை அறவே விட்டுவிடுங்கள். மணி வேண்டுமென்றால் பிளவுள்ள சலங்கை வேண்டாம். கைமணியைப் போல் வாய் அகன்றதாக, நாக்கு கழன்று வராததாக இருக்கட்டும். மாட்டுவதற்கு ஊக்கு, சாவி வளையம், திறந்த கொக்கி ஆகியவை கூடாது. அலகும் கண்ணிமையும் அவற்றில் சிக்கும். திருகி மூடும் வளையமே ஏற்றது.

இரண்டாவது நூலும் கயிறும். நைலான் நூல், கம்பளி நூல், பிரிந்துபோன சணல் ஆகியவை விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரலே அழுகிவிடும். பறவை அவற்றைக் கடித்து விழுங்கினால் தொண்டைப்பையில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். கயிறு தேவையென்றால் குட்டையாகக் கட்டுங்கள். சுருக்கு விழும் நீளம் வேண்டாம். நுனி பிரியத் தொடங்கிய அன்றே நறுக்கிவிடுங்கள். பறவையின் நகம் அளவுக்கு மீறி வளராமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும்.

மூன்றாவது உலோகம். இது கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. துருப்பிடிக்காமலிருக்கக் கம்பிக்குத் துத்தநாகம் பூசுகிறார்கள். ஜி.ஐ. கம்பி என்று நாம் சொல்வது அதுதான். பறவை அந்தப் பூச்சைச் சுரண்டித் தின்றால், தானியத்தை அரைக்கும் பைக்குள் அது தங்கிச் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கும். காரீயமும் அப்படியே. சோர்வு, வாந்தி, அளவுக்கு மீறிய தாகம், வலிப்பு என்று தொடங்கி உயிரையே வாங்கிவிடும். 35 கிராம் உடலுக்கு நஞ்சு எவ்வளவு வேண்டும்? ஆகவே கவரிங் நகை, பழைய சாவி, பூட்டு, பற்ற வைத்த ஈயக் கட்டி எதுவும் கூண்டுக்குள் போகக் கூடாது. உலோகம் வேண்டுமென்றால் நம் சமையலறைக்குப் பழக்கமான எவர்சில்வரே நல்லது. கூண்டு வலையே ஜி.ஐ. கம்பியாக இருந்து அதில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால், பறவையை வேறிடத்தில் விட்டுவிட்டு, வினிகர் தொட்டுத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். இதனால் ஆபத்து குறையும்; முற்றிலும் நீங்கிவிடாது. அந்தக் கம்பியையே ஓயாமல் கடிக்கும் பறவைக்கு வேறு கூண்டு பார்ப்பதே நலம்.

நான்காவது வண்ணம். வீட்டுச் சாயங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பழைய ஊஞ்சலும் ஏணியும் பரணில் கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும். வண்ணம் வேண்டுமென்று ஆசைப்பட்டால் பீட்ரூட் சாறு போதும்; வீட்டில் அரைத்த மஞ்சள் போதும். மெல்லிய பிளாஸ்டிக்கும் பேனா மூடியும் கூரான துண்டுகளாக உடையும். அவையும் வேண்டாம்.

எல்லாப் பறவைக்கும் ஒரே பொருள் பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. பட்ஜெரிகரின் அலகு சிறியது. அது கிழிப்பதும் மெல்லுவதுமாக இருக்கும். கடைகளில் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டு வாங்குவதே உண்மையான லவ் பேர்டு. அதன் அலகு உரமானது. பட்ஜெரிகருக்குச் சரியான பிளாஸ்டிக் ஏணியை அது ஒரே மாலையில் நொறுக்கிவிடும். 'காக்டெயில்' என்று பலர் சொல்லும் காக்கடீல் அவ்விரண்டையும்விடப் பெரியது. சிறு பறவைக்கான மணியின் நாக்கை அது பிடுங்கி விழுங்கக்கூடும். பெரிய பறவைக்குச் சிறிய பொம்மையைக் கொடுப்பதும், சிறிய பறவைக்குப் பெரிய வளையத்தைக் கொடுப்பதும் ஒரே தவறுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அப்படியானால் எதைத்தான் கொடுப்பது?' என்று நீங்கள் கேட்கலாம். விடை எங்களுக்குப் பாட்டியிடமிருந்தே கிடைத்தது. வெயில் காலத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நுங்கு விற்பவரிடம் நாங்கள் நுங்கு வாங்கும்போது, பாட்டி இரண்டு பனையோலைகளையும் கேட்டு வாங்கி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஓலையைக் கிழித்துப் பின்னினார். ஒரு பந்து வந்தது. ஒரு கிலுகிலுப்பை வந்தது. ஒரு கிளிகூட வந்தது. "எங்க ஊருல பிள்ளைகளுக்கு இதுதாம்ட்டி பொம்மை" என்றார். கிலுகிலுப்பைக்குள் போடக் குன்றிமணி கிடைக்குமா என்று தேடியபோதுதான் நாங்கள் தடுத்தோம். அழகான சிவப்பும் கறுப்புமான அந்த விதை கொடிய நஞ்சு. அதற்குப் பதிலாகப் பந்துக்குள் ஒரு கை தினையைப் போட்டு முடிந்தோம். நீலன் முதல் நாள் கிட்டே வரவில்லை. புதுப் பொருளைக் கண்டால் பறவைக்கு அச்சம். ஆகையால் கூண்டுக்கு வெளியே, அதன் கண்ணில் படும்படி இரண்டு நாள் தொங்கவிட்டு, பிறகு உள்ளே வைத்தோம். ஒரு நார் கிழிந்து ஒரு தினை உதிர்ந்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து பந்து பிழைப்பது மூன்று நாள்தான்.

ஆம், நல்ல பொம்மை நெடுநாள் உழைக்காது. அதுவே அதன் குணம். பறவை கிழித்துத் தீர்ப்பதற்காகவே அதைக் கொடுக்கிறோம். கிழித்தது வயிற்றுக்குள் போனாலும் கேடில்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவே. இப்படிப் பார்த்தால் நம் வீட்டைச் சுற்றியே எத்தனை பொருள்கள் கிடைக்கின்றன! நாரெடுத்து விளிம்பைத் தேய்த்த கொட்டாங்குச்சி, கொய்யாக் கிளை, வேப்பங்குச்சி, முருங்கைக் கீரைக் கொத்து, தினைக் கதிர், கம்பங்கதிர், அச்சு மை படாத வெள்ளைக் காகிதச் சுருள் ஆகிய எதற்கும் காசு செலவில்லை. அல்லது மிகக் குறைவு. குச்சிகள் பல பருமன்களில் இருந்தால் காலுக்கும் நல்லது. பூச்சி மருந்து தெளித்த மரத்தில் ஒடிக்க வேண்டாம். ஒடித்ததை நன்றாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். அரளியும் எருக்கும் ஊமத்தையும் கிட்டே வரக் கூடாது. சாலை நடுவே அழகுக்காக வளர்க்கும் அரளியின் குச்சி, இலை, பூ எல்லாமே நஞ்சு.

ஆசை மிகுதியில் கூண்டை நிரப்பிவிடாதீர்கள். 1855-இல் தொடங்கிய சென்னை உயிரியல் பூங்கா, நகரத்துக்குள் இடம் போதாமல்தான் 1985-இல் நமக்குப் பக்கத்திலுள்ள வண்டலூருக்கு வந்தது. விலங்குக்கு முதலில் வேண்டியது இடம் என்பதை ஓர் அரசே ஒப்புக்கொண்ட செய்தி அது. நம் கூண்டிலும் சிறகை விரித்துப் பறக்க இடம் விட்டு, இரண்டு மூன்று பொருள்களை மட்டும் வைத்து, வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். தினைக் கிண்ணத்துக்கும் தண்ணீருக்கும் நேர் மேலே எதையும் கட்ட வேண்டாம், எச்சம் விழும்.

சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரத்தில் பழைய டிரங்க் சாலையில் கூடும் சந்தையை அறியாதவர் நம்மில் யார்? தாம்பரத்தில் ரயிலேறினால் மூன்றாவது நிறுத்தம். செடி முதல் பழைய தையல் இயந்திரம் வரை கிடைக்கும் அச்சந்தையில் பறவைகளும், கூண்டுகளும், பொம்மைகளும் கிடைக்கும். விற்பவர்களை நாங்கள் பழிக்க மாட்டோம். நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அவர்கள் கொண்டுவருகிறார்கள். மின்னுவதைக் கேட்டால் மின்னுவது வரும். "அண்ணே, பிளவில்லாத மணி இருக்கா? எவர்சில்வர் வளையம் இருக்கா?" என்று நாலு பேர் கேட்கத் தொடங்கினால், அடுத்த மாதம் அதுவும் வரும். பொருளைக் கையில் எடுத்து இழுத்துப் பார்க்கவும், நகத்தால் சுரண்டிப் பார்க்கவும், முகர்ந்து பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம்.

பச்சைக்கிளியை மட்டும் எந்தச் சந்தையிலும் கேட்காதீர்கள். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எத்தனை நல்ல பொம்மை கட்டினாலும் அந்தக் குற்றம் நீங்காது. அவற்றைப் பார்க்க ஆசையிருந்தால், 1937-இல் தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்து மரங்களின் மேலே அந்திப்பொழுதில் அண்ணாந்து பாருங்கள். கத்திக்கொண்டே கூட்டமாகப் போகும். அங்கே அவற்றுக்குப் பொம்மை தேவையில்லை, மரமெல்லாம் பொம்மைதான். 'அப்படியானால் எங்கள் லவ் பேர்ட்ஸையும் பறக்கவிட்டுவிடலாமே?' என்று கேட்காதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த அயல்நாட்டுப் பறவை அது. இங்கே இரை தேடத் தெரியாமல் பட்டினியாலோ காக்கையாலோ மடிந்துபோகும். கூண்டில் வைத்துவிட்டோம், இனி அந்தக் கூண்டை வாழத்தக்கதாகச் செய்வதே நம் கடமை.

பொன்னி இறந்தபோது எங்களைத் தேற்ற நினைத்த சிலர், "போகட்டும், பறவைதானே! சந்தையில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்றார்கள். அந்தச் சொல்தான் எங்களை இதை எழுதத் தூண்டியது. விலை மலிவாக இருப்பதால் உயிரும் மலிவாகிவிடுமா? விலையுயர்ந்த பொருளை வாங்கும்போது நூறு முறை விசாரிக்கிறோம். மலிவான பறவைக்கு மலிவான மணியைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977 முதல் முப்பது ஆண்டுகள் அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியோடு பழகினார். 2007-இல் இறந்த அக்கிளி, காட்டிய பொருளின் நிறத்தையும் வடிவத்தையும் கேட்டால் சொல்லும். எல்லாக் கிளியும் அலெக்ஸ் அல்ல. ஆனால் தலையைச் சாய்த்து மணியோசையைக் கேட்ட பொன்னிக்குள் ஏதோ ஒன்று வியந்தது என்பதை நாங்கள் நேரில் கண்டோம்.

ஆகவே அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கூண்டு இருந்தால், இன்று மாலை ஐந்து நிமிடம் அதன் முன் நில்லுங்கள். தொங்கும் ஒவ்வொரு பொருளையும் பார்த்து நான்கு கேள்விகள் கேளுங்கள்: இதில் விரலோ தலையோ சிக்குமா? இதிலிருந்து எது கழன்று வரும்? கழன்று வந்ததை விழுங்கினால் என்ன ஆகும்? இது பறவைக்கு வேலை தருகிறதா, நமக்கு அழகு மட்டும் காட்டுகிறதா? தயக்கம் வந்தால் கழற்றிவிடுங்கள். கழற்றிய இடத்தை வெறுமையாக விடாமல் ஓர் ஓலையையாவது கட்டுங்கள். பறவை சோர்ந்திருந்தால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அருகில் யாரும் இல்லையென்றால், 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ரயில் தூரத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டு வராந்தாவில் இப்போது நீலனும் அவன் தோழியும் ஓலைப் பந்தைப் போட்டி போட்டுக் கிழிக்கிறார்கள். கீழே குப்பை சேர்கிறது. கூட்டுவது எங்கள் நால்வரின் முறை வேலை. பாட்டி அடுத்த பந்தைப் பின்னிக்கொண்டே, "இதுக எங்கள வேலை வாங்குதுட்டி" என்று அலுத்துக்கொள்கிறார். ஆனால் ஓலை தீர்ந்துவிட்டால் முதலில் கேட்பவரும் அவர்தான்.